32ஆம் நொடியில் அறுந்துபோகும் அழைப்பு: வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, அலுவலகத் தொலைபேசிகளை இணையவழிச் சேவையோடு இணைக்கும் கேட்வே கருவியின் ஒரே பக்கத்தைப் பற்றியவை. இணையவழி அழைப்பைத் தொடங்கி முடிக்கும் செய்திமுறையான எஸ்ஐபியின் அமைப்புகளுக்குள் நுழைந்து கடைசிவரை இறங்கினால், ‘இணக்கம்’ என்ற தலைப்பின்கீழ் இருபது முப்பது பெட்டிகள் வரிசைகட்டி நிற்குமே, அந்தப் பக்கம். ஒருவர் அதைப் படமெடுத்தே அனுப்பியிருந்தார். ஒரு பெட்டி விடாமல் எல்லாவற்றிலும் டிக். 26 ஆண்டுகள் தொலைபேசி இணைப்பகங்களில் கம்பியோடு மல்லுக்கட்டியவள் நான். அந்தப் படத்தைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டேன். அவருக்குத் தனியாக எழுதிவிட்டேன். மற்றவர்களுக்கு இங்கே.

கேள்வி: அம்மா, வணக்கம். ஒரு சிறிய அலுவலகத்தின் தொலைபேசிகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வெளியிலிருந்து வரும் அழைப்பை எடுத்தால் இரு பக்கமும் குரல் தெளிவாகக் கேட்கிறது. அரை நிமிடம் ஆனதும் அறுந்துவிடுகிறது. நாங்கள் வெளியே அழைத்தால் இந்தத் தொல்லை இல்லை. சேவை நிறுவனம் கருவியைக் குற்றம் சொல்கிறது, கருவி விற்றவர் இணைப்பைக் குற்றம் சொல்கிறார். இணக்கப் பக்கத்தில் எதை மாற்ற வேண்டும்?

பதில்: முதலில் எதையும் மாற்றாதீர்கள். நொடிமுள் உள்ள கடிகாரத்தை எடுத்துக்கொண்டு, ஒரு வெளி அழைப்பை ஏற்று, அறுபடும்வரை எண்ணுங்கள். 32 என்று வந்தால் பாதி வேலை முடிந்தது. எஸ்ஐபி உலகில் 32 தற்செயலான எண் அல்ல. 2002இல் வந்த ஆர்எஃப்சி 3261 என்ற விதிநூலில் டி1 என்று ஒரு அடிப்படைக் கால அளவு இருக்கிறது. அது அரை நொடி. அதன் 64 மடங்கு 32 நொடி. ‘இவ்வளவு நேரம் பதில் வரவில்லை என்றால் கைவிட்டுவிடு’ என்பதற்கான எல்லை அது.

இனி உங்கள் கருவிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வெளியிலிருந்து ‘இன்வைட்’ என்ற அழைப்புச் செய்தி வருகிறது. மணி அடிக்கிறது, நீங்கள் எடுக்கிறீர்கள். ‘எடுத்துவிட்டார்கள்’ என்று சொல்ல உங்கள் கேட்வே ‘200 ஓகே’ அனுப்புகிறது. ‘சரி, கிடைத்தது’ என்பதற்கு எதிர்முனை ‘அக்’ என்ற ஒரு சிறு செய்தியைத் திருப்பி அனுப்பியாக வேண்டும். அது வந்து சேராதவரை உங்கள் கேட்வே விடாது. அரை நொடி கழித்து அதே 200 ஓகேயை மறுபடி அனுப்பும். பிறகு ஒரு நொடி, இரண்டு நொடி, நான்கு நொடி, அதன்பின் நான்கு நான்கு நொடியாக. 32 நொடிக்குள் முதல் முறையையும் சேர்த்துப் பதினோரு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, ‘இவன் கேட்கவே இல்லை’ என்று முடிவுகட்டி, தானே ‘பை’ அனுப்பி அழைப்பை முடித்துவிடும். கருவியின் சிக்னலிங் பதிவை, அதாவது இந்தச் செய்திகளின் குறிப்பேட்டை, திறந்து பாருங்கள். ஒரே 200 ஓகே அடுக்கடுக்காக நின்றால் நான் சொன்னது சரி.

அந்த அக் எங்கே போனது? இங்கேதான் பலர் வழிதவறுகிறார்கள். 200 ஓகே போய்ச்சேர்வது ‘வயா’ என்ற வரியைப் பார்த்து. வந்த வழியே திரும்பிப் போகும் செய்தி அது. அக் அப்படியல்ல. உங்கள் 200 ஓகேயில் ‘காண்டாக்ட்’ என்று ஒரு வரி இருக்கும். ‘இனி என்னிடம் பேச வேண்டுமானால் இந்த முகவரிக்கு வா’ என்று சொல்லும் வரி. உங்கள் கேட்வே அதில் 192.168 என்று தொடங்கும் தன் உள் முகவரியை எழுதி வைத்திருக்கும் என்பது என் ஊகம். அந்த முகவரி உங்கள் கட்டடத்துக்குள் மட்டும்தான் செல்லும். கடிதத்தில் அனுப்புநர் முகவரியாகத் தெருவும் ஊரும் இல்லாமல் ‘மாடி அறை’ என்று மட்டும் எழுதினால் பதில் எப்படி வரும்?

அப்படியானால் குரல் மட்டும் எப்படிக் கேட்கிறது என்று கேட்பீர்கள். பல சேவை நிறுவனங்களின் குரல் சர்வர்கள், எழுதிய முகவரியை நம்பாமல், குரல் பாக்கெட் எந்த முகவரியிலிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்புகின்றன. சிக்னலிங்கில் அந்தப் பெருந்தன்மையை எல்லோரும் காட்டுவதில்லை. நீங்கள் வெளியே அழைக்கும்போது அக் அனுப்ப வேண்டியது உங்கள் கேட்வே. அவர்களுடைய காண்டாக்ட் வரியில் இருப்பது பொது முகவரி. அது சிக்கலின்றிப் போய்ச் சேர்கிறது. இன்னொன்றையும் சோதித்துப் பாருங்கள். நீங்கள் அழைத்துப் பேசி, எதிர்முனைக்காரர் முதலில் வைத்தால், உங்கள் பக்கம் இணைப்பு விடுபடாமல் தொங்குகிறதா? தொங்கினால் நோய் அதேதான். அவர்கள் அனுப்பும் பை செய்தியும் அதே மாடி அறையைத் தேடித்தான் அலைகிறது.

மருந்து இரண்டு. கேட்வேயில், உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றுவதைக் கவனிக்கும் ‘நேட்’ பகுதியில், வெளி முகவரி என்று ஓர் இடம் இருக்கும். உங்கள் பொது முகவரியை அதில் எழுதுங்கள். பொது முகவரி அடிக்கடி மாறுமானால், சர்வரின் பதிலில் வயா வரியில் ‘ரிசீவ்ட்’, ‘ஆர்போர்ட்’ என்று வரும் மதிப்புகளைக் கொண்டு காண்டாக்ட்டைத் திருத்திக்கொள்ளும் பெட்டி ஒன்று பல கருவிகளில் உண்டு. உங்களுக்கு இணக்கப் பக்கத்தில் தேவைப்படக்கூடிய டிக் அது ஒன்றுதான். கூடவே, ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்று ஒரு வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். செய்திக்குள் இருக்கும் முகவரிகளை ரவுட்டர் தானாகத் திருத்தி எழுதும் வசதி அது. நல்ல எண்ணம்தான். ஆனால் காண்டாக்ட்டைத் திருத்திவிட்டு, குரலை எங்கே அனுப்புவது என்று சொல்லும் எஸ்டிபி பகுதியை மறக்கும், அல்லது எஸ்டிபியைத் திருத்திவிட்டு நீளத்தைக் குறிக்கும் வரியைப் பழையபடியே விடும். ஒரு கடிதத்தை இரண்டு பேர் திருத்தக் கூடாது. கேட்வே திருத்தட்டும், ரவுட்டர் அஞ்சல்காரராக மட்டும் இருக்கட்டும்.

ஒன்றை மாற்றிய பிறகு சோதித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒருமுறை நானே இதே 32 நொடிக் கோளாறுக்காக, நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு, பொறுமை இழந்து ஐந்து பெட்டிகளில் ஒரே மூச்சில் டிக் போட்டேன். அழைப்பு நிலைத்தது, அறுபடவில்லை. வெற்றிப் பெருமிதத்தோடு வீட்டுக்குப் போனேன். அந்த ஐந்தில் ஒன்று ‘எந்த முகவரியிலிருந்து இன்வைட் வந்தாலும் ஏற்றுக்கொள்’ என்பது. அடுத்த வாரமே ஆளில்லாத நேரத்தில் தொலைபேசிகள் தாமாக அடிக்கத் தொடங்கின, திரையில் 100, 1000 என்று எண்கள், எடுத்தால் நிசப்தம். காவலாளி பேய் என்றே முடிவுகட்டிவிட்டார். திறந்திருக்கும் கதவைத் தேடி இணையம் முழுக்க எஸ்ஐபியின் வாசலான 5060ஆம் போர்ட்டைத் தட்டிக்கொண்டே திரியும் நிரல்கள்தாம் அந்தப் பேய். கதவைத் திறந்து வைத்தது நான்.

கேள்வி: நீண்ட கலந்துரையாடல்கள் எப்போதும் ஒரே நேரத்தில் அறுபடுகின்றன. தொலைபேசித் திரையில் ஒவ்வொரு முறையும் 15 நிமிடம் 32 நொடி என்று காட்டுகிறது. நண்பர் ஒருவர் செஷன் டைமரை அணைத்துவிடச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: நொடிவரை குறித்து அனுப்பியதற்கு உங்களுக்கு ஒரு வணக்கம். ‘கொஞ்ச நேரத்தில் கட் ஆகிறது’ என்று எழுதுகிறவர்களுக்கு நடுவில் நீங்கள் தனி. உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது.

2005இல் வந்த ஆர்எஃப்சி 4028 செஷன் டைமரை வகுத்தது. பேச்சு நடுவில் ஒரு பக்கம் மின்சாரம் போய்விட்டால் மறுபக்கத்துக்குத் தெரியாது; இணைப்பு நாள்கணக்கில் தொங்கும், ஒரு சேனலை விழுங்கிக்கொண்டு. அதைத் தவிர்க்க, இருவரும் ஒரு கால அளவை ஒப்புக்கொள்கிறார்கள். வழக்கமான அளவு 1800 நொடி. அதில் பாதி, அதாவது 900 நொடி ஆனதும் ஒருவர் ‘இருக்கிறாயா?’ என்று கேட்டுப் புதுப்பிக்க வேண்டும். 900 நொடி என்பது 15 நிமிடம். அதன்மேல் உங்கள் 32 நொடி. மேலே சொன்ன அதே 64 மடங்குதான். உங்கள் கேட்வே சரியாக 15ஆம் நிமிடத்தில் புதுப்பிக்கக் கேட்கிறது, யாரும் பதில் சொல்லவில்லை, 32 நொடி காத்திருந்துவிட்டு முடித்துக்கொள்கிறது.

இதே 29 நிமிடம் 28 நொடி என்று இருந்திருந்தால் கதை வேறு. அப்போது புதுப்பிக்க வேண்டிய பக்கம் கேட்கவே இல்லை என்று பொருள். காலாவதிக்கு 32 நொடி முன்னதாகவே மறுபக்கம் முடித்துக்கொள்ளலாம் என்று விதி பரிந்துரைக்கிறது.

உங்கள் நிலைக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். புதுப்பிப்பதற்கு ‘ரீ-இன்வைட்’, ‘அப்டேட்’ என்று இரண்டு முறைகள் உண்டு. உங்கள் கருவி அனுப்பும் முறையை எதிர்ப்பக்கம் கவனிக்காமல் விழுங்கிவிடலாம். அவர்களுடைய 200 ஓகேயில், ஏற்கும் முறைகளைப் பட்டியலிடும் ‘அலவ்’ என்ற வரியைப் பாருங்கள்; அங்கே அப்டேட் இருந்தால் கேட்வேயில் முறையை அப்டேட்டுக்கு மாற்றிப் பாருங்கள். இரண்டாவது, எனக்கு அதிகம் சந்தேகமுள்ளது: 15 நிமிடம் சிக்னலிங் பாதையில் ஒரு பாக்கெட்டும் போகாததால் ரவுட்டர் அந்த வழியை மறந்துவிட்டது. குரல் வேறு போர்ட்டில் ஓடுவதால் அது பிழைத்துக்கொண்டது. இப்போது போகும் ரீ-இன்வைட் புதிய போர்ட்டிலிருந்து கிளம்புகிறது; ‘இது யாரோ’ என்று சேவை நிறுவனம் தள்ளிவிடுகிறது. கேட்வேயில் ‘ஆப்ஷன்ஸ்’ செய்தியை 30 நொடிக்கு ஒருமுறை அனுப்பும்படி வைத்தால் வழி மூடாது.

டைமரை அணைக்கலாமா என்றால், அணைத்தால் கலந்துரையாடல் நடக்கும்தான். தீயை அறிவிக்கும் மணி தொந்தரவு செய்கிறது என்று கம்பியைப் பிடுங்குவது போன்றது அது. உங்கள் நண்பரிடம் நான் சொன்னதாகச் சொல்லலாம்.

கேள்வி: அழைத்தால் மணியோசை கேட்பதே இல்லை. எதிர்முனையில் எடுத்ததும்தான் திடீரென்று குரல். சில எண்களுக்கு மட்டும் இப்படி. கேட்வேயில் 180, 183 என்று என்னென்னவோ தேர்வுகள் இருக்கின்றன.

பதில்: பழைய இணைப்பகங்களில் நீங்கள் கேட்ட மணியோசை தொலைவிலிருந்த இணைப்பகத்திலிருந்து கம்பி வழியாக வந்தது. எஸ்ஐபியில் அது இருவிதம். எதிர்ப்பக்கம் ‘180 ரிங்கிங்’ என்று எழுத்தில் மட்டும் சொன்னால், ஓசையை உங்கள் கருவி தானே உண்டாக்க வேண்டும். ‘183’ என்று எஸ்டிபியோடு வந்தால், ஓசையோ அறிவிப்போ அவர்களிடமிருந்தே வரும். உங்கள் கருவி வாயை மூடிக்கொண்டு அதைக் கேட்கவைக்க வேண்டும்.

தகராறு எங்கே வருகிறது? 180ஐயே எஸ்டிபியோடு அனுப்புகிற சர்வர்கள் உண்டு. எஸ்டிபியை அனுப்பிவிட்டு ஓசையை அனுப்பாதவையும் உண்டு. உங்கள் கருவி எஸ்டிபியைப் பார்த்ததும், ‘அங்கிருந்து வரும்’ என்று காத்திருக்கிறது. வரவே இல்லை. அதனால்தான் நிசப்தம். ‘ஆர்டிபி வரும்வரை உள்ளூர் மணியோசையைக் கொடு’ என்பது போன்ற தேர்வு இருந்தால் அதை எடுங்கள். ஆர்டிபி என்பது குரலைச் சுமந்து வரும் பாக்கெட். கண்ணை மூடிக்கொண்டு ‘எப்போதும் உள்ளூர் ஓசை’ என்று வைத்துவிடாதீர்கள். ‘நீங்கள் அழைத்த எண் பயன்பாட்டில் இல்லை’ என்ற அறிவிப்பும் இந்த 183 வழியாகத்தான் வருகிறது. அது உங்களுக்குக் கேட்காமலேயே போகும், நீங்கள் மணி அடிப்பதாக நினைத்துக் காத்திருப்பீர்கள்.

அருகிலேயே ‘100ரெல்’ அல்லது ‘பிராக்’ என்று ஒன்று இருக்கும். இத்தகைய இடைக்காலப் பதில்கள் வழியில் தொலைந்தால் மீண்டும் அனுப்பும் ஏற்பாடு. ‘கட்டாயம்’ என்று வைத்தால், அதை அறியாத எதிர்ப்பக்கம் 420 என்று அழைப்பையே மறுத்துவிடும். ‘ஆதரவு உண்டு’ என்ற நடுநிலையில் வையுங்கள்.

கேள்வி: வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து ‘1ஐ அழுத்தவும்’ என்றால் அழுத்துகிறேன். சில இடங்களில் பலனில்லை, சில இடங்களில் 11 என்று பதிவாகிறது.

பதில்: இரட்டையாகப் பதிவாவது, ஒரே இலக்கத்தைக் கருவி இரண்டு வழிகளில் அனுப்புவதால்: குரலோடு கலந்த ஓசையாக ஒருமுறை, ஆர்எஃப்சி 2833 முறையில் தனி நிகழ்வாக ஒருமுறை. ஒன்றை மட்டும் வையுங்கள், 2833ஐ. 2006இலேயே அதன் இடத்தில் ஆர்எஃப்சி 4733 வந்துவிட்டது. மெனு எழுதுகிறவர்கள் பழைய எண்ணை விடுவதாக இல்லை. இரண்டும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பலனும் இல்லாத இடங்களில், அந்த நிகழ்வுக்கு அடையாளமாக வைக்கும் பேலோடு எண்ணைப் பாருங்கள். பலர் 101 வைப்பார்கள், சிலர் 96. எஸ்டிபியில் எதிர்ப்பக்கம் சொன்ன எண்ணை ஏற்கும் கருவியானால் தானாகச் சரியாகும். பிடிவாதமான பழைய கருவியானால் கையால் எழுத வேண்டும். ஜி.729 வைத்திருந்தால் குரலோடு கலந்த ஓசையை அறவே நம்பாதீர்கள். பேச்சைச் சுருக்குவதற்கென்றே செய்த முறை அது; இலக்க ஓசையை நசுக்கிவிடும்.

கேள்வி: வரவேற்பு மேசைத் தொலைபேசிக்குத் தமிழிலேயே ‘வரவேற்பு’ என்று பெயர் வைத்தேன். அன்று முதல் அந்த மேசையிலிருந்து வெளியே அழைத்தால் 400 என்று மறுப்பு. ஆங்கிலத்தில் வைத்தால் போகிறது. எஸ்ஐபிக்குத் தமிழ் தெரியாதா?

பதில்: தெரியும், நன்றாகவே தெரியும். எஸ்ஐபி செய்திகள், எல்லா மொழி எழுத்துகளுக்கும் இடமுள்ள யுடிஎஃப்-8 முறையில் என்றுதான் விதியே சொல்கிறது. ஒரே நிபந்தனை, அழைப்பவரைக் காட்டும் ‘ஃப்ரம்’ வரியில் வரும் பெயர் ஆங்கில எழுத்துகளைத் தாண்டினால் இரட்டை மேற்கோளுக்குள் இருக்க வேண்டும். உங்கள் கேட்வே மேற்கோள் இல்லாமல் அனுப்புகிறது. எதிர்ப்பக்கம் ‘இலக்கணப் பிழை’ என்று திருப்பிவிடுகிறது. ‘காட்சிப் பெயரை மேற்கோளில் இடு’ என்ற பெட்டி இருக்கிறதா என்று தேடுங்கள்.

சின்னக் கணக்கு ஒன்று. யுடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். ‘வரவேற்பு’ என்பதில் புள்ளியையும் கொம்பையும் சேர்த்து எட்டுக் குறியீடுகள், ஆக 24 பைட். இது ஒன்றும் பெரிதில்லை. ஆனால் துறையின் முழுப் பெயரையும் தமிழில் எழுதி, குரலைக் குறியாக்கும் முறைகளான கோடெக்குகள் ஏழெட்டையும் பட்டியலில் விட்டு வைத்தால், போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத யுடிபி வழியில் போகும் இன்வைட் 1300 பைட்டைத் தாண்டக்கூடும். அந்த அளவுக்கு மேல், சேர்ந்ததை உறுதிசெய்துகொள்ளும் டிசிபி வழியில் அனுப்பு என்பது விதி. கேட்காத கருவிகள் யுடிபியிலேயே தள்ளும், பாக்கெட் துண்டாகும், வழியில் ஏதோ ஒரு தடுப்புச் சுவர் இரண்டாம் துண்டைக் கீழே போடும், மறுப்புக்கூட வராது. எனவே தமிழ்ப் பெயரை வையுங்கள், பயன்படாத கோடெக்குகளை எடுத்துவிடுங்கள். யாரை விடுவது என்று வரும்போது தமிழை விட வேண்டாம்.

கேள்வி: சதுரக் குறியோடு தொடங்கும் குறியீடுகளை அழுத்தினால் வேலை செய்வதில்லை. நட்சத்திரக் குறி வேலை செய்கிறது.

பதில்: எஸ்ஐபி முகவரியில் நட்சத்திரத்துக்கு இடமுண்டு, சதுரக் குறிக்கு இல்லை. அதை சதவீதக் குறியும் 23உமாக மாற்றி அனுப்ப வேண்டும். சில சர்வர்கள் மாற்றாமல் வந்தால்தான் ஏற்கும், வேறு சில மாற்றி வந்தால்தான் ஏற்கும். அதற்கென்றே ஒரு பெட்டி உண்டு. இப்போது இருப்பதற்கு எதிராக மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் தனி எண்களிலிருந்து அழைத்தாலும் எதிர்முனையில் அலுவலகத்தின் பொது எண்ணே தெரிகிறது. ‘பி-அசர்ட்டட்-ஐடென்டிட்டி’, ‘ரிமோட்-பார்ட்டி-ஐடி’ இரண்டையும் இயக்கிவிட்டேன், மாற்றமில்லை.

பதில்: அழைப்பவர் எண்ணை எந்த வரியிலிருந்து எடுப்பது என்று முடிவுசெய்வது சேவை நிறுவனம். சிலர் ஃப்ரம் வரியை, சிலர் ஆர்எஃப்சி 3325 சொல்லும் பி-அசர்ட்டட் வரியை. ரிமோட்-பார்ட்டி-ஐடி வரைவாகவே நின்றுபோனது. விதியாக வரவே இல்லை, பழைய கருவிகளில் வாழ்கிறது. உங்கள் சேவை நிறுவனம் கேட்காதவரை அதை அணைத்து வையுங்கள். உங்களுக்கு ஒதுக்கப்படாத எண்ணையோ, அவர்கள் எதிர்பார்க்கும் வடிவில் இல்லாத எண்ணையோ நீங்கள் அனுப்பினால், அவர்கள் பேசாமல் பொது எண்ணைப் போட்டுவிடலாம். நாட்டுக் குறியீடும் கூட்டல் குறியும் வேண்டுமா, வேண்டாமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இதற்குமேல் சொல்ல எனக்கு உங்கள் இன்வைட் வேண்டும். கடிதத்தோடு அது இல்லை. ஒரு வெளி அழைப்பின் பதிவை, முதல் இன்வைட்டிலிருந்து பை வரை, முழுவதுமாக அனுப்புங்கள். அதில் ‘ஆத்தரைசேஷன்’ என்று தொடங்கும் வரி இருந்தால், ‘ப்ராக்ஸி-ஆத்தரைசேஷன்’ என்றும் வரலாம், அதை அழித்துவிட்டு அனுப்புங்கள். அந்த வரியை வைத்துக்கொண்டு கடவுச்சொல்லை ஊகித்துச் சோதிக்க முடியும்; என்னிடமே ஆனாலும் அதைக் கொடுக்காதீர்கள்.